இருநூற்றுப் பன்னிரண்டாவது வண்டி

மைக் அக்காவுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. பதினான்கு வருடம் பேருந்து நிலையத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று அறிவித்தவள். மின்சாரம் போன நாட்களில் கூண்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெறும் தொண்டையால் சொல்வாள். கடைசி நடைமேடை வரைக்கும் கேட்கும். ஏழாம் எண் வண்டி மூன்றாவது நடைமேடையில் நிற்கிறது என்று அவள் சொல்லிவிட்டால், நான்காவதில் நிறுத்தியிருந்த ஓட்டுநர் மறுபேச்சில்லாமல் வண்டியை மூன்றாவதுக்கு மாற்றிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் பயணிகளுக்காகச் செய்தாரா, அக்காவுக்குப் பயந்து செய்தாரா என்று யாரும் விசாரித்ததில்லை.

பிறகு நிலையத்துக்குப் பதிவு செய்த குரல் வந்தது. அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேறு யாராவது என்றால் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். இவள், "மெஷின் பேசட்டும். யாராவது எதிர்க்கேள்வி கேட்டா அது என்ன பண்ணும்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது வாரமே எலக்ட்ரிக் கார் சர்வீஸ் சென்டர் ஒன்றின் வரவேற்பு மேசையில் போய் உட்கார்ந்துவிட்டாள். அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. காரில் எந்தப் பக்கம் சார்ஜ் போடுவார்கள் என்றுகூடத் தெரியாது. அதற்குப் பிறகு ஆறு வருடத்தில், தெரியாது என்ற சொல்லை அந்த மேசையிலிருந்து யாரும் கேட்டதில்லை.

இந்தக் கதை நடந்த வருடம், கம்பெனியிலிருந்து ஒரு ரீகால் வந்தது. குறிப்பிட்ட ஆறு மாதத்தில் செய்த கார்களில், சார்ஜ் ஏறும் இடத்துக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் கனெக்டருக்குள் ஈரம் இறங்குகிறது. முழு அளவுக்கு சார்ஜ் போட்டால் அது சூடேறி உருகலாம். போகப் போகத் தீப்பிடிக்கவும் செய்யலாம். எனவே கனெக்டரை இலவசமாக மாற்றித் தருகிறோம், மாற்றும்வரை எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்குள் நிறுத்தி சார்ஜ் போடாதீர்கள் என்று எல்லா உரிமையாளர்களுக்கும் கடிதம் போயிற்று. அந்த சென்டரின் பங்குக்கு வந்தவை இருநூற்றுப் பன்னிரண்டு வண்டிகள்.

கடிதம் அனுப்பினால் வந்துவிடுவார்களா? நம் ஆட்கள் கல்யாணப் பத்திரிகையையே கடைசி நாள் எடுத்துத் தேதி பார்ப்பவர்கள். ஆகவே ஒவ்வொருவரையும் போனில் பிடித்து இழுத்து வரும் வேலை மைக் அக்காவின் தலையில் விழுந்தது. விழுந்தது என்று மேனேஜர் நினைத்தார். அக்காவோ திருவிழாவுக்குக் கிளம்புகிறவள்போல் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என் வண்டி நல்லாத்தான் ஓடுது மேடம்" என்பார் ஒருவர்.

"நல்லா ஓடுற வண்டிக்குத்தான் சார் இது. ஓடாத வண்டிக்கு வேற லிஸ்ட் வெச்சிருக்கேன்."

"ரீகால்னா வண்டியைப் புடுங்கிக்குவீங்களா?" என்பார் இன்னொருவர்.

"உங்க வண்டியை வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்ணப் போறேன்? காலையில குடுங்க, சாயங்காலம் ஓட்டிட்டுப் போங்க."

ஒரு டாக்டர் நேரமில்லை என்று ஐந்து முறை தட்டிக் கழித்தார். ஆறாவது முறை அவருடைய மருத்துவமனைக்கே போய், டோக்கன் வாங்கி, நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்து உள்ளே போனாள். "எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், உங்க காருக்குத்தான் உடம்பு சரியில்ல" என்றாள். மறுநாள் கார் வந்தது.

அவள் மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை. அதில் முடிந்த வண்டிகளின் எண்ணிக்கையைத் தினமும் பெரிதாக எழுதுவாள். வேலை நடந்த முறையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வினை அங்கேதான் இருந்தது. பட்டறையில் யாரும் காரை முழு எண் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடைசி நாலு இலக்கம்தான் அதற்குப் பெயர். கனெக்டர் மாற்றுகிற மெக்கானிக் வேலை முடிந்ததும் உள்ளேயிருந்து, "அறுபது முப்பத்தொண்ணு முடிஞ்சுது!" என்று குரல் கொடுப்பார். அக்கா கம்ப்யூட்டரில் அந்த நாலு இலக்கத்தைத் தட்டி, திரையில் வருகிற வண்டியின் பதிவை, வேலை முடிந்தது என்று மூடுவாள். கட்டம் பச்சையாகும். உடனே உரிமையாளருக்கு ஒரு போன். "உங்க வண்டி வேலை முடிஞ்சுது. இனிமே தைரியமா முழு சார்ஜ் போடுங்க, உள்ள நிறுத்துங்க. இன்னொண்ணு, இதுக்கப்புறம் யாராவது ரீகால்னு போன் பண்ணா நம்பாதீங்க. முடிஞ்ச வேலைக்கு மறுபடி கூப்பிடறவன் மோசடிக்காரன்." அந்தக் கடைசி வாக்கியம் கம்பெனி எழுதிக் கொடுத்ததில்லை. அக்கா தானாகச் சேர்த்துக்கொண்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த மெக்கானிக்குக் கையுறை என்று பெயர். உயர் மின்னழுத்தத்துக்காகப் போடுகிற தடித்த ரப்பர் கையுறையைத் தேநீர் குடிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார் என்பதால் வந்த பெயர். முப்பத்தெட்டு வயதுக்காரர். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். அதில் பத்து, வண்டி எண்களாக இருக்கும்.

நான்கு மாதம் ஆயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கடைசி வண்டியும் முடிந்தது. பலகையில் 212 என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டாள் அக்கா. வட்டாரத்திலேயே நூற்றுக்கு நூறு முடித்த முதல் சென்டர் அதுதான். மேனேஜர் கேக் வாங்கி வரச் சொன்னார். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போக வேண்டும். போனதும் அவர்கள் வீடியோவில் வந்து பாராட்டுவார்கள், அக்கா நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஏற்பாடு. நாலு வார்த்தை போதாது என்று அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்குக் கையுறை ஒரு சின்ன அட்டைப்பெட்டியை மேசைமேல் கொண்டுவந்து வைத்தார்.

"அக்கா. இது யாரோடது?"

புதுக் கனெக்டர். பிரிக்காத பெட்டி.

"கம்பெனிக்காரன் ஒண்ணு சேர்த்து அனுப்பியிருப்பான்" என்றாள் அக்கா, தலையைத் தூக்காமலே.

கையுறை நகரவில்லை. "நீங்கதான் எண்ணி வாங்கினீங்க" என்றார்.

அது உண்மை. சரக்கு வந்த அன்று, லாரிக்காரரைக் கால்கடுக்க நிற்கவைத்து, பெட்டி பெட்டியாக எண்ணி, சீட்டில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். கோப்பைத் திறந்து சீட்டைப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு. வண்டிகள் இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாக் கட்டமும் பச்சை. ஆனால் பெட்டி ஒன்று மிச்சம். 

மேனேஜரிடம் போனாள். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு அன்று ஐந்து மணிவரைக்கும் நல்ல செய்தி மட்டுமே வேண்டியிருந்தது. "சரக்கு அனுப்பும்போது அவங்க தப்பு பண்ணியிருப்பாங்க மேடம். கம்ப்யூட்டர் பச்சைன்னு சொல்லுதில்ல? விடுங்க. கேக் வந்துடுச்சா பாருங்க."

அவள் வெளியே வந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழக்கம்போல் அந்த நேரத்துக்கு அவள் கணவர் போன் செய்தார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருடமாக, கடைசிக் குழந்தை இறங்கிய பிறகும் வேனுக்குள் ஏறிப் பின்சீட்டு வரைக்கும் நடந்து பார்த்துவிட்டுத்தான் பூட்டுவார். அக்காவுக்கு அது தீராத கேலி. அன்று அவள் கேலி செய்யவில்லை.

"ஏங்க, இத்தனை வருஷமா பின்சீட்டு வரைக்கும் போய்ப் பாக்கறீங்களே. எத்தனை தடவை குழந்தை இருந்துச்சு?"

"ரெண்டு தடவை" என்றார் அவர். "ஏன் கேக்கறே?"

"ரெண்டா? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நீ கேக்கவே இல்லையே."

டப்பாவை அப்படியே மூடிவிட்டு எழுந்தாள். பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. கழற்றிய பழைய கனெக்டர்களைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்கான வண்டி மறுநாள் காலை வருவதாக இருந்தது. அதுவரை எல்லாம் அங்கே பிளாஸ்டிக் கூடைகளில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கையுறை ஒரு சின்ன அட்டையைக் கட்டி, நாலு இலக்கத்தை மார்க்கரால் எழுதியிருந்தார். பேசாத மனிதர்கள் இந்த மாதிரி விஷயங்களில் கெட்டி.

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். கையுறை அட்டையைப் படிக்க, அக்கா பட்டியலில் கோடு போட்டாள். தகரக் கூரையின் சூட்டில் தாள் வியர்வையில் கையோடு ஒட்டியது. ஒன்றேகால் மணி நேரம். பழைய கனெக்டர்கள் இருநூற்றுப் பதினொன்று. பட்டியலில் கோடு விழாமல் நின்ற எண் 4417.

"இல்லையே" என்றார் கையுறை. "நாப்பத்துநாலு பதினேழு இருந்துச்சே. இதோ." அவர் கையில் அந்த அட்டை இருந்தது. பட்டியலிலும் அதற்குக் கோடு விழுந்திருந்தது, வேறொரு பக்கத்தில்.

இரண்டு 4417 இருந்தன. முன்னால் வரும் எழுத்துகள் வேறு. ஒன்று வெள்ளை, ஒன்று நீலம்.

"நான் வெள்ளைதான் பாத்தேன்" என்றார் கையுறை. "நீலம் என்கிட்ட வரவே இல்ல."

அக்காவுக்கு இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது, ஒன்றுவிடாமல். அன்று கையுறை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அவள் நாலு இலக்கத்தைத் தட்டினாள். திரையில் இரண்டு வரி வந்திருக்கும். அவள் மேலே இருந்ததை மூடினாள். அது நீலம். பிறகு நீல வண்டிக்காரருக்குப் போன் செய்தாள். "நான் கொண்டுவரவே இல்லையேம்மா" என்றார் அவர். வேறு யாராவது என்றால் அங்கேயே நின்றிருப்பார்கள். இவள், "உங்க வீட்டுல வேற யாராவது கொண்டு வந்திருப்பாங்க சார்" என்றாள். "மாப்பிள்ளை டயர் மாத்தணும்னு அங்கதான் வந்தார்" என்று அவர் இழுத்தார். "பாத்தீங்களா! அப்பவே முடிச்சிருப்பாங்க. தைரியமா இருங்க" என்றாள். டயர் மாற்றுவது கட்டடத்தின் மறுபக்கம், வேறு வாசல், வேறு ஆட்கள். அது அவளுக்குத் தெரியாதா? தெரியும்.

அதோடு விட்டதா? ஒரு வாரம் கழித்து வெள்ளை வண்டி இன்னும் முடியவில்லை என்று பட்டியல் காட்டியது. அதன் உரிமையாளருக்குப் போன் செய்தாள். "போன வாரமே மாத்தி, பேப்பரும் வாங்கிட்டேனே மேடம்" என்று அவர் சிரித்தார். "கம்ப்யூட்டர் தூங்கிடுச்சு சார், நான் எழுப்பறேன்" என்று இவளும் சிரித்து, அதையும் மூடினாள். ஆகக் கம்ப்யூட்டர் சரியாகத்தான் சொல்லிற்று. ஒரு வண்டி பாக்கி என்று அது சொன்னதை, தூங்குகிறது என்று சொல்லி வாயடைத்தவள் அவள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அக்கா தன் வாயால் இன்னொருவர் வீட்டைக் கெடுக்கப் பார்த்திருந்தாள்.

அவள் கொட்டகையிலேயே நின்று நீல வண்டிக்காரருக்குப் போன் போட்டாள். அவர் ஒரு கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றபின் வீட்டில் டியூஷன் எடுப்பவர் என்று பட்டியலில் குறிப்பு இருந்தது.

"சார், சர்வீஸ் சென்டர்லேர்ந்து பேசறேன். ரீகால் விஷயமா..."

"அது போன மாசமே முடிஞ்சாச்சு" என்றார் வாத்தியார்.

"இல்ல சார், முடியல. தப்பா மூடிட்டோம். தயவுசெஞ்சு சார்ஜ் போடாதீங்க, நாங்க வந்து..."

"முடிஞ்ச வேலைக்கு மறுபடி கூப்பிடறவன் மோசடிக்காரன்னு அந்தம்மா அன்னைக்கே சொன்னாங்க."

"சார், அந்தம்மா நான்தான்! என் குரல் தெரியலையா?"

"தெரியுதே. குரலை அப்படியே எடுத்துப் பேசவும் உங்களுக்கெல்லாம் வசதி வந்துடுச்சுன்னு பேப்பர்ல படிச்சேன்" என்றார் வாத்தியார், இணைப்பைத் துண்டித்தார். மறுபடி அடித்தபோது மணியே போகவில்லை. எண்ணைத் தடுத்துவிட்டார். கையுறையின் போனிலிருந்து அடித்தார்கள். அதுவும் ரீகால் என்ற சொல்லோடு நின்றது.

மணி மூன்றரை. மேனேஜர் அறையில் கேக் பெட்டி வந்திருந்தது. அக்கா உள்ளே போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐந்து மணிக்கு அறிக்கை மேடம்" என்றார் கடைசியில். "நாளைக்குக் காலையில வண்டியைக் கொண்டுவந்து மாத்திடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"அவர் வண்டியை எங்க நிறுத்தறாருன்னு தெரியுமா சார்? எனக்கும் தெரியாது. உள்ள நிறுத்துங்க, முழுசா போடுங்கன்னு நான் சொல்லியிருக்கேன். நான் சொன்னா ஜனங்க செய்வாங்க சார். அதுதான் பயமா இருக்கு."

மேனேஜர் கேக் பெட்டியை ஓரமாக நகர்த்தினார். பிறகு, மூடிய பதிவைத் திறக்க வேண்டுமானால் கம்ப்யூட்டர் காரணம் கேட்கும் என்றார். திறந்தபோது கேட்டது. தேர்ந்தெடுக்க நாலைந்து காரணங்களை அதுவே வரிசையாகக் கொடுத்தது. முதலாவது, கம்ப்யூட்டர் கோளாறு. "அதைப் போட்டுடுங்க, எல்லாரும் அதைத்தான் போடுவாங்க" என்றார் மேனேஜர், அவளுக்கு உதவி செய்கிற எண்ணத்தில்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு கிண்ணம் சோற்றைக் கம்பெனியே கொடுத்து வைத்திருந்தது. அக்கா கடைசியில் இருந்த 'வேறு' என்பதை அழுத்தி, வண்டி எண்ணை முழுதாகப் பார்க்காமல் நான் மூடிவிட்டேன் என்று தட்டினாள். கீழே தன் பெயரைப் போட்டாள். போகிற வழியில் பலகையில் இருந்த வட்டத்தைக் கையாலேயே அழித்து 211 என்று எழுதினாள். வெட்கமாக இருந்தது. அழுகை வருகிற மாதிரிகூட இருந்தது. ஆனால் அதற்கு நேரமில்லை.

வண்டியை ஏற்றிவரும் லாரியைக் கையுறை ஓட்ட, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து போனாள். வாத்தியார் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. கேட்டுக்கு வெளியே பதினைந்து இருபது சைக்கிள்கள். மாடியிலிருந்து பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு மாதிரி ஏதோ சொல்வது தெருவுக்குக் கேட்டது. கீழ்த்தளம் முழுக்கக் கார் நிறுத்துமிடம். நீலக் கார் அதற்குள் நின்றது. சுவரிலிருந்து வந்த கம்பி அதில் செருகியிருந்தது. மாடிக்குப் போகிற ஒரே படிக்கட்டு அந்தக் காரின் மூக்கை உரசிக்கொண்டு ஏறியது. படிகளில் பிள்ளைகளின் செருப்புகள் ஜோடி ஜோடியாக.

கையுறை குனிந்து காரின் திரையில் சார்ஜ் அளவைப் பார்த்தார். "தொண்ணூத்தி மூணு" என்றார்.

அக்கா படியேறவில்லை. கீழே நின்றே, "வாத்தியாரய்யா!" என்று ஒரு குரல் கொடுத்தாள். பேருந்து நிலையக் குரல். மேலே வாய்ப்பாடு நின்றுபோயிற்று.

கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டபடி ஒல்லியான ஒரு மனிதர் இறங்கி வந்தார். லாரியைப் பார்த்தார், கையுறைகளைப் பார்த்தார், அக்காவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் படித்தார்.

"போன்ல சொன்னேன்ல. எங்க வண்டி முடிஞ்சாச்சு. அந்தம்மா திட்டவட்டமா சொன்னாங்க. நான் தேதி போட்டுக் குறிச்சு வெச்சிருக்கேன்."

"நான்தான் சார் அந்தம்மா. நான் சொன்னது தப்பு."

வாத்தியார் அவளை உற்றுப் பார்த்தார். "அப்படின்னா அன்னைக்கு சொன்னது தப்பா இருக்கணும், இல்லன்னா இன்னைக்கு சொல்றது தப்பா இருக்கணும். ஆள் ஒண்ணு, பேச்சு ரெண்டு. நான் எதை எடுத்துக்கறது?"

கணக்கு வாத்தியாரிடம் வேறு எப்படிப் பேசுவது? அக்கா ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "அன்னைக்கு நான் வண்டியையும் பாக்கல, சாமானையும் பாக்கல. திரையில பச்சை இருந்துச்சு, சொல்லிட்டேன். இன்னைக்கு எண்ணிப் பாத்துட்டு வந்திருக்கேன். மொத்த வண்டி இருநூத்திப் பன்னெண்டு. கழட்டின பழைய கனெக்டர் இருநூத்திப் பதினொண்ணு. மிச்சம் ஒண்ணு உங்க வண்டிக்குள்ளதான் சார் இருக்கு."

வாத்தியாரின் உதடுகள் லேசாக அசைந்தன. கழித்துப் பார்த்தாரோ என்னவோ. சட்டென்று திரும்பிக் கார் பக்கம் போய்க் கம்பியில் கைவைத்தார்.

"இழுக்காதீங்க!" என்றார் கையுறை. அன்றைய தினத்தில் அவர் போட்ட ஒரே சத்தம் அதுதான். சுவரில் இருந்த சுவிட்சை முதலில் அணைத்தார், திரை அணையும்வரை நின்றார், பிறகு தன் கையால் கம்பியைக் கழற்றினார். கையுறையைக் கழற்றிவிட்டு, செருகியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் வெறும் விரலால் தொட்டவர், சூடு தாங்காமல் உடனே எடுத்துக்கொண்டார்.

"பிள்ளைங்களை அனுப்பிடலாமா சார்?" என்றாள் அக்கா.

வாத்தியார் படியேறிப் போய், இன்றைக்குப் பாடம் போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். மேலே ஒரே கூச்சல், சந்தோஷக் கூச்சல். தடதடவென்று இறங்கி வந்தார்கள். காருக்கும் படிக்கும் நடுவில் அக்கா நின்றுகொண்டாள். செருப்பைத் தேடி, மாற்றிப் போட்டு, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு போனார்கள். பதினெட்டுப் பேர். ஒரு சின்னப் பெண் மட்டும் நின்று, "ஆன்ட்டி, நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனது. அதன் பிறகுதான் அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வண்டியை லாரியில் ஏற்றி சென்டருக்குக் கொண்டுவந்தபோது ஐந்தரை. தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போயிருந்தது, இருநூற்றுப் பதினொன்று என்று. வீடியோப் பாராட்டு நடக்கவில்லை. அதற்குப் பதிலாக, இனிமேல் எந்த சென்டரிலும் முழு எண்ணையும் தட்டாமல் எந்த வண்டியையும் மூட முடியாதபடி மாற்றப் போகிறார்களாம், தவறு செய்தவர் விவரத்தை எழுதி அனுப்ப வேண்டுமாம். அக்கா உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினாள். கேக்கை மேனேஜர் வெட்டவில்லை. வீணாக்குவானேன் என்று அக்காவே வெட்டினாள்.

மறுநாள் காலை கையுறை கனெக்டரைக் கழற்றினார். மதியம் வாத்தியார் வந்தபோது அது மேசைமேல் ஒரு தாளில் இருந்தது. ஒரு பக்கம் பழுப்பேறி, ஓரத்தில் விரல்நகம் அகலத்துக்கு உருகி வழிந்து உறைந்திருந்தது. வாத்தியார் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாப்பத்தொண்ணு" என்றார்.

"என்ன சார்?"

"முடிஞ்சுதுன்னு நீங்க போன் பண்ண நாள்லேர்ந்து நேத்துவரைக்கும், நாள் கணக்கு. அதுக்கு முன்னால நான் கம்பியை இழுத்துட்டுப் போய்த் தெருவுலதான் சார்ஜ் போட்டேன். மழை வந்தா குடை புடிச்சுட்டு நிப்பேன். நீங்க சொன்ன அன்னைக்குத்தான் உள்ள கொண்டு வந்தேன். என் பொண்ணும் பேரனும் மேலதான் தூங்கறாங்க."

  "மன்னிச்சுடுங்க சார்" என்றாள் அக்கா. அவளுக்கே கேட்காத குரலில் வந்தது. மன்னித்தேன் என்று வாத்தியார் சொல்லவில்லை. கனெக்டரைத் தாளில் வைத்தார்.

"சரி. இப்ப முடிஞ்சுதா?"

திரையில் கட்டம் பச்சையாக இருந்தது. முழு எண்ணையும் தட்டி அவளே மூடியிருந்தாள், காலையில். புதுக் கனெக்டர் போட்டாகிவிட்டது என்று கையுறை வந்து சொல்லியும் இருந்தார். பொய் சொல்கிற ஆள் இல்லை அவர்.

"ஒரு நிமிஷம் இருங்க சார்" என்று எழுந்தாள்.

பட்டறையில் நீலக் கார் இன்னும் உயரத்தில் தூக்கிவைத்தபடி நின்றது. ஆறு வருடத்தில் அவள் ஒரு தடவைகூடக் காருக்குக் கீழே போனதில்லை. கையுறையிடம் டார்ச்சை வாங்கினாள். எது எங்கே இருக்கிறது என்று கேட்டாள், அவர் காட்டினார். தலையில் இடித்துக்கொண்டாள். புதுக் கனெக்டரின் மேல் இருந்த எண்ணைப் படித்தாள், பெட்டியில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டாள், மூடியின் நாலு பக்கக் கொக்கியும் விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்தாள்.  வண்டியின் நம்பர் பலகையை, முதல் எழுத்திலிருந்து கடைசி இலக்கம்வரை, வாய்விட்டுப் படித்தாள். பட்டறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.

நெற்றியில் கறையோடு திரும்பி வந்தபோது வாத்தியார் நின்றுகொண்டே இருந்தார்.

"முடிஞ்சுது சார். நான் பாத்தேன்."

வாத்தியார் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். சாவிக்காகக் கையை நீட்டினார்.

"இன்னைக்கு ராத்திரி உள்ளயே சார்ஜ் போடறேன்" என்றார்.